பிர்தௌசிக்கு முன்னால் இருந்தவர்கள்: ஈரான் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ஷிராஸ்

காலையில் நக்ஷ்-இ-ருஸ்தம், அப்புறம் பெர்செபோலிஸ். வெயில் ஏறுவதற்குள் பாறையைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்சிக்காரர் ஆறு மணிக்கே விடுதி வாசலில் வந்து நின்றார்.

நக்ஷ்-இ-ருஸ்தம் என்றால் ஈரானியப் புராணத்தின் பெரிய வீரன் ருஸ்தமின் சித்திரம். ஆனால் ருஸ்தம் அங்கே எங்குமே கிடையாது. செங்குத்தான பாறையின் மேல்பாதியில் அகாமனிய அரசர்களின் நான்கு கல்லறைகள். அவற்றில் ஒன்று முதலாம் தாரியஸுடையது என்று கல்வெட்டே சொல்லிவிடுகிறது. கீழ்ப்பாதியில், சுமார் எழுநூறு வருடம் கழித்து ஆண்ட சாசானியர்கள் வெட்டிவைத்த சிற்பங்கள். முதலாம் ஷாபூர் குதிரைமேல் இருக்கிறார். எதிரே ஒரு ரோமப் பேரரசர் மண்டியிட்டிருக்கிறார். இன்னொருவரின் மணிக்கட்டை ஷாபூர் பிடித்துவைத்திருக்கிறார். பிறகு அரசுகள் போயின, அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துபோனார்கள். இவ்வளவு பெரிய ஆள் குதிரைமேல் உட்கார்ந்திருந்தால் ருஸ்தமாகத்தானே இருக்க முடியும் என்று ஊர்க்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பெர்செபோலிஸும் அப்படித்தான், இங்கே அதற்குப் பெயர் தக்த்-இ-ஜம்ஷீத், புராண அரசன் ஜம்ஷீதின் அரியணை. வரலாறு மறந்துபோன இடத்தையெல்லாம் கதை வந்து பட்டா போட்டுக்கொண்டிருக்கிறது.

வழியில் டாக்சிக்காரர் ஈரானின் சரித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "அரேபியர்கள் வந்தார்கள். இருநூறு வருடம் எங்கள் வாயை அடைத்தார்கள். அப்புறம் பிர்தௌசி வந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார்." படித்தவர், படிக்காதவர் என்று பேதமில்லாமல் இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். 651இல் கடைசி சாசானிய அரசர் மூன்றாம் யஸ்தகிர்த் மெர்வ் பக்கம் கொல்லப்பட்டார். 1010இல் கவிஞர் பிர்தௌசி, பழைய ஈரானிய அரசர்களின் கதைகளைச் சொல்லும் ஷாநாமா காவியத்தை முடித்தார். இடையில் இருந்த முந்நூற்றைம்பது வருடமும் கதை எங்கே போய்த் தூங்கிக்கொண்டிருந்தது? நான் கிளம்பி வந்ததே இந்த "மீட்டுக் கொடுத்தார்" என்பதில் நம்பிக்கை இல்லாமல்தான்.

பெர்செபோலிஸில் தாரியஸின் தச்சரா மாளிகை வாசலில் ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பளபளப்பான கறுத்த கல்லில், கூஃபி எழுத்தில், அரபியில் பொறித்த சில வரிகள். பூயித் வம்சத்து அதுத் அல்-தவ்லா 955இல் இங்கே வந்தபோது பொறிக்கச் சொன்னது. இந்த இடத்தில் இருந்த பழைய எழுத்துகளை அவருக்கு வாசித்துச் சொன்னவர்கள் இரண்டு பேர் என்று அதில் இருக்கிறது. ஒருவர் எழுத்தர், மற்றவர் காஸெரூன் ஊரின் ஸோரோஸ்திரிய மதகுரு. விரல் வைத்துத் தடவ ஆசைதான், கயிறு கட்டிவைத்திருக்கிறார்கள். முஸ்லிம் சிற்றரசர் ஒருவர் நெருப்புக் கோயில் குருவைக் கூட்டிவந்து "இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள்" என்று கேட்டு நின்ற இடம் இது. வாய் அடைபட்ட காலத்துக் காரியம் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

திங்கள், பீரூசாபாத்

ஷிராஸிலிருந்து தெற்கே நூற்றுப்பத்து கிலோமீட்டர். மலையிடுக்கில் ஆறும் சாலையும் ஒட்டிக்கொண்டே போகின்றன. சாசானிய வம்சத்தைத் தொடங்கிய அர்தஷீர் கட்டிய ஊர் இது. பழைய பெயர் கூர். வட்டமான நகரம், இப்போது நடுவில் ஒரு இடிந்த கோபுரமும் சுற்றிலும் வயலும்தான். அர்தஷீரின் மாளிகை கொஞ்சம் தள்ளி, ஊற்றுக்குளத்தின் கரையில் இருக்கிறது. செதுக்காத கல்லில் எழுப்பிய குவிமாடங்கள் பதினெட்டு நூற்றாண்டாக நிற்கின்றன. உள்ளே புறாக்கள், குளத்தில் மீன்கள், கரையில் சமோவாரோடு உட்கார்ந்த குடும்பங்கள். என்னையும் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

நான் இவ்வளவு தூரம் வந்தது அர்தஷீருக்காக அல்ல. இந்த ஊரில் 720 வாக்கில் ரோஸ்பிஹ் என்று ஒரு பையன் பிறந்தான். அவன் அப்பா வரி வசூல் அதிகாரி. பணத்தில் கைவைத்ததாகச் சொல்லிச் சித்திரவதை செய்ததில் அவர் கை சூம்பிப்போனது. அதனால் மகனுக்கு வந்த பெயர் இப்னுல் முகஃப்பா, கை சூம்பியவரின் மகன். பாஸ்ராவில் எழுத்தராக வேலை பார்த்தார், பிறகு இஸ்லாத்தைத் தழுவினார். அரபி உரைநடைக்கு வழிபோட்டவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறார். சாசானிய அரசர்களின் வரலாறும் புராணமும் கலந்த "குவதாய்-நாமக்" என்ற பஹ்லவி (சாசானியர் காலத்துப் பாரசீகம்) நூலை அரபிக்குக் கொண்டுவந்தவர் இவர். பஞ்சதந்திரத்தை அரபிக்குக் கொண்டுபோனவரும் இவர்தான்.

பஞ்சதந்திரம் போன வழி நமக்கும் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் அனுஷிர்வான் என்ற முதலாம் குஸ்ரோவின் அரண்மனை வைத்தியர் புர்ஸோய். இந்தியாவில் செத்தவரைப் பிழைக்கவைக்கும் மூலிகை இருக்கிறதாம், தேடிக்கொண்டு வாரும் என்று அரசர் அனுப்பியதாகக் கதை. மனிதர் மலை மலையாக ஏறி, பறித்த இலையையெல்லாம் அரைத்துப் பிணத்தின் மேல் பூசிப் பார்த்தார். ஒன்றும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு முதியவர், மலை என்பது அறிவாளிகள், மூலிகை என்பது அவர்கள் சொல், பிணம் என்பது படிக்காதவன் என்று விளக்கி, மருந்து ராஜாவின் புத்தக அறையில் இருக்கிறது என்று கைகாட்டினார். எடுத்துக்கொண்டு போக அனுமதி இல்லை. தினமும் கொஞ்சம் வாசித்து, மனப்பாடம் செய்து, இரவில் அறைக்கு வந்து எழுதி வைத்துக்கொண்டாராம். இப்படிப் பஹ்லவிக்குப் போனதை இப்னுல் முகஃப்பா 750 வாக்கில் அரபியாக்கினார். நம் கரடகனும் தமனகனும் அங்கே கலீலாவும் திம்னாவும் ஆனார்கள்.

சமஸ்கிருத மூலத்தில் தமனகன் கோள்மூட்டி எருதைக் கொல்லவைத்து, சிங்கத்துக்கு மந்திரியாக நிம்மதியாக இருந்துவிடுவான். இப்னுல் முகஃப்பா அதை அப்படியே விடவில்லை. திம்னாவைப் பிடித்துவந்து விசாரணை நடத்தி, சாட்சி கேட்டு, தண்டனை கொடுக்கும் ஒரு அத்தியாயம் அரபியில் இருக்கிறது; அது அவர் கைச்சரக்கு என்பதுதான் அறிஞர்கள் பலரின் கருத்து. அரண்மனைக்குள் வேலை பார்க்கும் எழுத்தர் ஒருவர், கோள்மூட்டிக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதில், கலீஃபா மன்சூரின் கோபத்துக்கு ஆளாகி, பாஸ்ரா ஆளுநரின் கையில் கொடூரமாகச் செத்தார். கைகால்களை ஒவ்வொன்றாக வெட்டி அடுப்பில் போட்டார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன.

ஊரில் அவர் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் அர்தஷீர் மாளிகைக்கே வழி சொன்னார்கள்.

புதன், இஸ்ஃபஹான்

இரவுப் பேருந்தில் வந்து, அறை காலியாகும்வரை வரவேற்பறை சோபாவில் தூங்கி, பிறகு ஊர் சுற்றினேன். பெரிய சதுக்கமும் நீல மசூதியும் பதினேழாம் நூற்றாண்டுச் சங்கதி, என் கதைக்கு ரொம்பப் பிந்தியவை. அழகைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும். 1050 வாக்கில் குர்கானி என்ற கவிஞர் இந்த ஊரில் உட்கார்ந்துதான் "வீஸ்-ராமீன்" காதல் கதையைப் பாரசீகச் செய்யுளாக்கினார். சாசானியருக்கு முன்னால் ஆண்ட பார்த்தியர் காலத்துச் சரக்கு என்று கருதப்படும் பழைய கதை. பஹ்லவி கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இங்கே இந்தக் கதையைத்தான் பாடமாக வாசிக்கிறார்கள் என்று அவரே முகவுரையில் சொல்கிறார். சாசானியர் போய் நானூறு வருடம் ஆன பிறகும், ஒரு கள்ளக் காதல் கதையை வைத்துப் பழைய மொழியைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நல்ல பாடத்திட்டம்.

வியாழன் இரவு, தெஹ்ரான்

இன்று நக்காலி என்ற கதைசொல்லும் கலையைப் பார்த்தேன். தென் தெஹ்ரானில் ஒரு பழைய பாணி டீக்கடை. கடை என்றாலும் பெரிய கூடம். சுவர் முழுக்கப் போர்க்களச் சித்திரங்கள், ஹூக்காப் புகை, அடிக்கொருதரம் சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ. கதைசொல்லியை முர்ஷித் என்று அழைக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர், கையில் ஒரு தடி. அந்தத் தடிதான் வாள், ஈட்டி, குதிரையின் கடிவாளம், சில சமயம் அழும் தாய்க்கு ஊன்றுகோல். கதையில் ஒருவன் அம்பு தொடுக்கும்போது இரண்டு கையையும் படாரென்று தட்டினார். என் பக்கத்தில் இருந்த குழந்தை குவளையைக் கவிழ்த்துவிட்டது.

சொன்னது ருஸ்தம்-சொஹ்ராப். ருஸ்தம் சமங்கான் அரசரின் மகள் தஹ்மீனாவோடு ஓர் இரவு தங்கி, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று ஒரு கைக்கடயத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பிள்ளை வளர்ந்து எதிரிப் படைக்குத் தலைமை ஏற்று வருகிறான். அப்பனும் மகனும் அடையாளம் தெரியாமல் மோதுகிறார்கள். மார்பில் கத்தி இறங்கிய பிறகு, "என் அப்பா ருஸ்தம் உன்னைச் சும்மா விடமாட்டார்" என்கிறான் மகன். முர்ஷித் அந்த வரியைக் கத்தவில்லை. தடியைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் நேரம் கேட்பதுபோல் சொன்னார். நமது பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளம் அன்றைக்கு ஊரே கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் புரியும். அந்தக் காலத்தில் சொஹ்ராபைக் கொல்லும் நாளில் டீக்கடையில் நிற்க இடமிருக்காதாம். இன்றைக்கு மட்டும் கொன்றுவிடாதே என்று முர்ஷித்துக்குக் காசு கொடுத்தவர்களும் உண்டாம். மருந்து வந்துசேர்வதற்குள் சொஹ்ராப் செத்துவிடுகிறான். காலம் கடந்து வரும் உதவியை "சொஹ்ராப் செத்த பிறகு வந்த மருந்து" என்று சொல்வது இங்கே இன்றும் வழக்கம்.

முடிந்ததும் அவரிடம் பேசினேன். விடுதிப் பையன் மொழிபெயர்த்தான். துமார் என்று ஒன்றைக் காட்டினார். நீளமான நோட்டு, கதையின் குறிப்புகள், குருவிடமிருந்து வந்தது. அதில் சொஹ்ராபுக்கு ஒரு மகன் இருக்கிறான், பெயர் பர்ஸூ. தாத்தா ருஸ்தமோடு அவனும் மோதுவான்.

"பிர்தௌசி இவனைப் பற்றி எழுதவில்லையே ஐயா?"

"அவர் எழுதாமல் விட்டது நிறைய. அவரிடம் தாள் இல்லாமல் போயிருக்கும்" என்று சிரித்தார்.

2011இல் யுனெஸ்கோ நக்காலியைச் சேர்த்தது அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய கலைகளின் பட்டியலில். கூட்டம் நன்றாகத்தான் இருந்தது, பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாலும்.

வெள்ளி, மஷாத் ரயிலில்

தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ராத்திரி முழுக்கப் பயணம். பெட்டியில் மஷாத் தர்காவுக்குப் போகும் குடும்பம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவர் மனைவி, பேத்தி. நான் இந்தியா என்றதும் 'ஷோலே' என்றார்கள். பிஸ்தா, வெள்ளரிக்காய், மறுபடியும் பிஸ்தா.

ஆசிரியர் ஒரு ஈரடியைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முப்பது வருடம் பாடுபட்டு இந்தப் பாரசீகத்தால் ஈரானியர்களை உயிர்ப்பித்தேன் என்று பிர்தௌசி சொல்வதாக வரும் வரிகள். இந்த நாட்டில் அதைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அது பிர்தௌசியின் வரிதானா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. பிஸ்தா தின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேச்சைப் பழைய கதைசொல்லிகள் பக்கம் திருப்பினேன்.

ஈரான் விழுவதற்கு முன்பே ருஸ்தம் மக்காவில் இருந்தான். நள்ர் இப்னு ஹாரிஸ் என்ற குறைஷி வணிகர் ஹீரா நகரத்தில் ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளைக் கற்றுக்கொண்டு வந்தவர். நபிகள் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்து, "அவருடையதைவிட என் கதைகள் நன்றாக இருக்கும், கேளுங்கள்" என்று கூட்டம் சேர்த்ததாக நபிகளின் பழைய வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தது. பேத்திக்குப் புதுசு, "ருஸ்தம் அரபியா பேசினான்?" என்று கேட்டாள்.

பாஸ்ராவில் மூசா அல்-உஸ்வாரி என்று ஒரு பிரசங்கி. அவர் சபையில் வலப்பக்கம் அரபிகள், இடப்பக்கம் பாரசீகர்கள். ஒரு குர்ஆன் வசனத்தை ஓதி, வலப்பக்கம் திரும்பி அரபியில் விளக்குவார். உடனே இடப்பக்கம் திரும்பிப் பாரசீகத்தில் விளக்குவார். எந்த மொழியில் அவர் கெட்டிக்காரர் என்று கண்டுபிடிக்க முடியாது என்கிறார் ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-ஜாஹிஸ். புகாராவில் சியாவுஷ் இளவரசன் அநியாயமாகக் கொல்லப்பட்டதற்கு ஒப்பாரிப் பாட்டுகள் இருந்தன. வருடப் பிறப்பன்று சூரியன் உதிக்குமுன் அவனுக்குச் சேவல் அறுத்தார்கள் என்று நர்ஷகி 943 வாக்கில் எழுதுகிறார். இன்றைய தஜிகிஸ்தானின் பஞ்சகெந்தில், எட்டாம் நூற்றாண்டு வீடு ஒன்றின் சுவரில் நீலப் பின்னணியில் ருஸ்தம் பேய்களோடு சண்டை போடுகிறான். அதே ஊர்ச் சுவர்களில் நம் சிங்கமும் முயலும் கதையும் உண்டு. அரபுப் படைகள் அந்த வட்டாரத்தில் போய்வந்துகொண்டிருந்த அதே காலம்.

பாக்தாதில் "ஹஸார் அஃப்ஸான்", ஆயிரம் கதை, அரபிக்கு மாறியிருந்தது. ஷஹ்ராஸாதும் தீனாஸாதும் அதில் வருகிறார்கள். ஆயிரத்தொரு இரவுகளின் விதை அதுதான். புத்தக வியாபாரி இப்னுல் நதீம் 987இல் தன் நூல் பட்டியலில் அதைச் சேர்த்தார். முழுசாகப் பலமுறை பார்த்தேன், ஆயிரம் இரவுக்கு இருநூறு கதைகூடத் தேறாது, சப்பென்ற புத்தகம் என்று எழுதிவைத்தார். ரசனை என்பது அவரவர் பாடு, என்ன செய்ய.

"அப்படியென்றால் பிர்தௌசி ஒன்றும் செய்யவில்லை என்கிறீர்களா?" என்று ஆசிரியர் கொஞ்சம் சூடாகவே கேட்டார். அவர் கையில் வந்தபோது எல்லாமே உயிரோடுதான் இருந்தது என்கிறேன், அவ்வளவுதான் என்றேன். "சரி, தூங்குங்கள். தூஸ் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்" என்று விளக்கை அணைத்தார்.

சனி, தூஸ்

மஷாதிலிருந்து அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பிர்தௌசியின் நினைவிடம் ஒரு பெரிய தோட்டத்துக்குள் வெள்ளைக் கல்லில் நிற்கிறது. சைரஸின் கல்லறைச் சாயலில் கட்டி 1934இல் திறந்தார்கள்; பூமி உள்வாங்கவே அறுபதுகளில் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். முகப்பில் ஷாநாமாவின் முதல் வரி: உயிருக்கும் அறிவுக்கும் உரிய இறைவன் பெயரால். கீழ்த்தளச் சுவர்களில் ருஸ்தமின் சாகசங்கள் கல்லில். ஒரு கல்லூரி மாணவி கல்லறைமேல் கைவைத்து நின்று பத்து நிமிடம் மனப்பாடமாகச் சொன்னாள். தோழி புத்தகத்தை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் உட்கார்ந்து ஆசிரியரின் கேள்வியை யோசித்தேன். பிர்தௌசி இந்த வட்டாரத்துச் சிறு நிலக்கிழார், 940 வாக்கில் பிறந்தவர். அவருக்குப் பதினேழு வயதிருக்கும்போது, 957இல், தூஸின் ஆளுநர் அபூ மன்சூர் ஒரு வேலையை முடித்தார். பழைய அரசர் கதைகள் தெரிந்த நாலு பேரை ஊர் ஊராகத் தேடிக் கூட்டிவரச் சொன்னார். ஹெராத்திலிருந்து மாக், சீஸ்தானிலிருந்து ஷாபூரின் மகன் யஸ்தான்தாத், நிஷாபூரிலிருந்து பஹ்ராமின் மகன் மாஹூய் குர்ஷீத், தூஸிலிருந்தே புர்ஸினின் மகன் ஷாதான். இவர்கள் சேர்ந்து பாரசீக உரைநடையில் ஒரு ஷாநாமா தயாரித்தார்கள். நூல் போய்விட்டது, முகவுரை மட்டும் தப்பித்தது. அதனால்தான் இந்தப் பெயர்களாவது தெரிகின்றன. தகீகி என்ற கவிஞர் அந்தக் கதைகளைச் செய்யுளாக்கத் தொடங்கி, ஆயிரம் ஈரடிகளில் தன் அடிமை கையாலேயே கொலையுண்டார். பிர்தௌசி அந்த ஆயிரத்தையும் அப்படியே தன் காவியத்துக்குள் வைத்துக்கொண்டார். தகீகி கனவில் வந்து கேட்டதாகச் சொல்கிறார். செய்யுள் சுமார்தான் என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை.

எந்தக் கதை யார் சொன்னது என்பதைப் பிர்தௌசி மறைப்பதே இல்லை. ருஸ்தமின் சாவைச் சொன்னவர் மெர்வ் ஊரில் அஹ்மத் இப்னு சஹ்லிடம் இருந்த ஆஸாத்சர்வ் என்ற முதியவர், ருஸ்தமின் தாத்தா சாமின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். பீஷன்-மனீஷே கதையின் தொடக்கத்தில் ஓர் இருட்டு இரவு வரும். கவிஞருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை; துணைவியை எழுப்புகிறார். அவள் விளக்கு, மாதுளை, மது எல்லாம் கொண்டுவந்து வைத்து, பழைய புத்தகத்திலிருந்து கதை வாசிக்கிறேன், நீங்கள் செய்யுளாக்குங்கள் என்கிறாள். ஷாநாமாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எந்தப் போர்க்களமும் அல்ல, இதுதான். அறுபத்தைந்து வயதில், முப்பத்தேழு வயது மகனைப் பறிகொடுத்தபோது, இரண்டாம் குஸ்ரோ கதைக்கு நடுவே நிறுத்தி, இது என் முறைதானே, நீ ஏன் முந்திக்கொண்டாய் என்று அழுதுவிட்டு மறுபடி குஸ்ரோவுக்குத் திரும்புகிறார். ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஈரடிகள். மீட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை பேர் குரலையும் ஒரே வாயால் இவ்வளவு நன்றாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. ஆசிரியர் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பார்.

காவியத்துக்குக் கஜினி முகமது, பிர்தௌசி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வெள்ளிக் காசு கொடுத்தார், கவிஞர் அதைக் குளியல்காரருக்கும் பானம் விற்றவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார், மனம் மாறி அனுப்பிய பரிசு ஒரு வாசலில் நுழைந்தபோது பிணம் இன்னொரு வாசலில் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் நூறு வருடத்துக்கும் மேல் கழித்து நிஸாமி அரூஸி எழுதியது. வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்வதில்லை. சொஹ்ராப் செத்த பிறகு வரும் மருந்தை இங்கே பார்த்தால், பிர்தௌசியையே யாரோ ஒரு முர்ஷித் கதையாக்கிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

கிளம்பும்போது காவலாளியிடம், அந்த நாலு பேருக்கு இங்கே எங்காவது ஒரு கல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். செல்போனில் பெயர்களைக் காட்டினேன். மாஹூய் என்ற பெயருக்குப் பக்கத்தில் நிஷாபூர் என்று பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "எங்கள் ஊர்!" இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவரைப் பற்றி வேறு என்ன தெரியும்?"

"அப்பா பெயரும் ஊரும்தான் தெரியும், ஐயா."

அது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நிஷாபூரில் டர்க்காய்ஸ் கல் சுரங்கம் இருக்கிறதல்லவா, மாஹூய் கல் வியாபாரியாக இருந்திருப்பார், வியாபாரத்துக்குப் போன ஊரிலெல்லாம் கதை கேட்டிருப்பார் என்றார். வாசல்வரை கூடவே வந்தார். டாக்சிக் கதவைத் திறப்பதற்குள் மாஹூய்க்கு ஒரு நொண்டி ஒட்டகமும் வாய்த்துடுக்கான மனைவியும் சேர்ந்திருந்தார்கள்.